மிச்சம் எங்கே போகிறது?

"நாளைக்கு அவரவர் வீட்டில் தூக்கிப்போடும் சமையல் கழிவைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள்" என்று ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். மட்கு உரம் தயாரித்துக் காட்டுவது என் திட்டம். மறுநாள் பலரும் காய்கறித் தோல், டீத்தூள் சக்கை என்று கொண்டுவந்தார்கள். மாணவி ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

"மறந்துட்டியாம்மா?"

"இல்ல மிஸ். எங்க வீட்ல தூக்கிப்போட எதுவும் இல்ல."

சில பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தவறு என் கேள்வியில் இருந்தது. என் வீட்டுக் குப்பைக்கூடையை மனத்தில் வைத்து நான் கேட்ட கேள்வி அது. உடனே மாற்றிக் கேட்டேன்: "அரிசி களைஞ்ச தண்ணி உங்க வீட்ல எங்கே போகும்?"

"கழனிப் பானைக்கு மிஸ். மாட்டுக்கு. காய்த் தோலும் அதுலதான்."

"புளிச் சக்கை?"

"ஆயா உப்பு சேர்த்துச் செம்புக் குடம் தேய்க்கும்."

"மீந்த சோறு?"

"தண்ணி ஊத்தி வச்சுக் காலைல சாப்பிடுவோம். ரொம்ப மீந்தா வடகம் போட்டுடும்."

"முட்டை ஓடு?"

"நொறுக்கி ரோஜாச் செடிக்கு."

வகுப்பு அமைதியாகக் கேட்டது. நான் நடத்த நினைத்த பாடத்தை அவள் நடத்திக்கொண்டிருந்தாள். அன்றே என் பாடத்திட்டத்தை மாற்றி எழுதினேன்.

செயல்பாடு 1: அட்டவணை

பொருள், எங்கே போகிறது, ஏன் என்று மூன்று கட்டங்கள். மூன்று நாள்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நிரப்ப வேண்டும். முதல் இரண்டு கட்டங்கள் எளிதாக நிரம்பின. "ஏன்" என்ற கட்டம் பலருக்கும் காலியாகவே இருந்தது. அதை வகுப்பறையில் நிரப்பினோம்.

செயல்பாடு 2: "ஏன்" என்று சோதித்தல்

அரிசி களைந்த தண்ணீரில் இரண்டு சொட்டு அயோடின் கரைசல் விட்டோம். கருநீல நிறம் வந்தது. அதில் ஸ்டார்ச் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். (சோதித்த நீரை மாட்டுக்கோ செடிக்கோ ஊற்றக் கூடாது.)

கறுத்த செம்புப் பாத்திரத்தில் பாதியை மட்டும் புளிச் சக்கையும் உப்பும் வைத்துத் தேய்த்தோம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. தேய்த்த பாதியும் தேய்க்காத பாதியும் அருகருகே தெரிந்ததால் விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

முட்டை ஓட்டில் எலுமிச்சைச் சாறு விட்டதும் குமிழ்கள் வந்தன. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. பொடித்த ஓட்டில் குமிழ்கள் இன்னும் வேகமாக வந்தன. ஆயா ஏன் நொறுக்கிப் போடுகிறார் என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்தது.

செயல்பாடு 3: எஞ்சியது உரத்துக்கு

மாடும் தோட்டமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக, துளையிட்ட மண்பானையில் மட்கு உரம் தொடங்கினோம். முதல் வாரத்திலேயே நாற்றம் அடித்தது. பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. ஈரக்கழிவை மட்டும் போட்டு நிரப்பியிருந்தோம். உள்ளே காற்று போக வழியில்லை. ஒவ்வொரு பிடி கழிவுக்கும் இரண்டு பிடி காய்ந்த சருகு சேர்த்து, மூன்று நாள்களுக்கு ஒருமுறை கிளறியதும் நாற்றம் அடங்கியது. சமைத்த உணவு, மீன், இறைச்சி ஆகியவற்றைத் தவிர்த்தோம். கிளறிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பு உரம் கிடைத்தது.

மதிப்பீடு

தேர்வு வைக்கவில்லை. நிரப்பிய அட்டவணையை வீட்டில் ஒருவருக்கு விளக்கிவிட்டு, அவர் கேட்ட கேள்வி ஒன்றை எழுதி வரச் சொன்னேன். வெறுங்கையோடு நின்ற அந்த மாணவிதான் நல்ல கேள்வி கொண்டுவந்தாள்: "புளி மட்டும் போதாதா, உப்பு எதுக்குன்னு ஆயா கேக்குது மிஸ்." புளி மட்டும், உப்பு மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்று செம்புத் துண்டுகளில் அதை அடுத்த வாரம் சோதித்தோம். செய்முறையை நடத்தியவள் அவள்தான்.

கழிவு பற்றிய பாடம் எடுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எதைத் தூக்கிப்போடுகிறீர்கள்?" என்று தொடங்காமல், "மிச்சம் எங்கே போகிறது?" என்று கேட்டுத் தொடங்குங்கள். எந்த வீட்டுப் பிள்ளையிடமும் அதற்கு ஒரு பதில் இருக்கும்.