அண்ணன் வீட்டில் இருக்கிறோம், விண்ணப்பத்தில் யார் வருமானம்?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். 2022-இல் விவாகரத்து ஆனது. ஒரே மகள், இங்கேயே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் இருவரும் அண்ணன் வீட்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். அண்ணனுக்கு மாதம் 1,000 டாலர் வாடகை தருகிறேன். மகளின் அப்பா டெக்சாஸில் மறுமணம் செய்துகொண்டார். அவர் மனைவியும் வேலைக்குப் போகிறார். மாதம் 600 டாலர் பராமரிப்புத் தொகை அனுப்புகிறார், மெடிக்கல் இன்சூரன்ஸும் அவர் கட்டுவதுதான். வரித் தாக்கலில் மகளை அவர்தான் காட்டுகிறார். கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பத்தில் யார் வருமானத்தைக் காட்டுவது? அண்ணன் வருமானமும் சேருமா? மகளைத் தனி வீட்டில் வைத்துவிட்டால் யார் வருமானமும் காட்ட வேண்டாம் என்று தோழி சொல்கிறாள். உண்மையா?
— ஒரு வாசகி

பதில்: அண்ணன் வருமானத்தைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள், சகோதரி. ஒரே வீட்டில் இருந்தாலும் தாய்மாமனோ தாத்தா பாட்டியோ ஃபாஃப்ஸா கணக்கில் பெற்றோர் ஆவதில்லை. சட்டப்படி தத்தெடுத்திருந்தால்தான் ஆவார்கள். அண்ணன் சம்பளம் அந்தப் படிவத்தில் எங்கும் வராது.

சிக்கல் நீங்களா, மகளின் அப்பாவா என்பதில்தான். 2023–24 வரை, முந்தைய 12 மாதத்தில் பிள்ளை யாரோடு அதிக நாள் இருந்ததோ அந்தப் பெற்றோர் விவரம் தந்தால் போதும். 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அதை மாற்றிவிட்டது. 2024–25 முதல், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் பிள்ளைக்கு அதிகப் பண உதவி செய்தவர் யார் என்றுதான் பார்க்கிறார்கள். பழைய விதியையே இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நம்பிவிடாதீர்கள். வரித் தாக்கலில் யார் மகளைக் காட்டுகிறார் என்பதும் இதைத் தீர்மானிக்காது.

ஒரு தாளில் கணக்கு எழுதிப் பாருங்கள். அவர் பக்கம் பராமரிப்புத் தொகை 7,200. இன்சூரன்ஸில் மகளின் பங்கு 1,800 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 9,000. உங்கள் பக்கம் வாடகையில் பாதி 6,000, அதோடு சாப்பாடு, துணி, போன், கார் இன்சூரன்ஸ், பல் டாக்டர் எல்லாம். ஆனால் அவர் அனுப்பிய பணத்தில் செய்த செலவு அவர் கணக்கில்தான் சேரும். அதனால் உங்கள் மொத்தத்திலிருந்து 7,200-ஐக் கழிக்க வேண்டும். மகளுக்கு உங்கள் கையால் வருடம் 15,000 செலவாகிறது என்றால் உங்கள் பங்கு 7,800தான். மகள் ஒரு இரவுகூட அப்பா வீட்டில் தங்காவிட்டாலும் விண்ணப்பத்தில் அவர் விவரம்தான் வரும். 17,000 ஆகிறது என்றால் உங்கள் பங்கு 9,800, அப்போது நீங்கள். இரண்டும் சமமாக வந்தால், வருமானமும் சொத்தும் அதிகம் உள்ளவர்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. தினம் சமைத்துப் போடுவது, காய்ச்சலில் கண்விழிப்பது, ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவது எதற்கும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. இப்போதைக்குச் சட்டம் அதுதான் என்பதால் ரசீதுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வையுங்கள். கல்லூரி ஆதாரம் கேட்கலாம்.

இதில் உதவித்தொகை எவ்வளவு மாறும் என்கிறீர்களா? அவர் என்றால் புது மனைவியின் வருமானமும் சேரும். குடும்பத்தின் நிதிநிலையைக் காட்டும் எஸ்.ஏ.ஐ. என்கிற எண் ஏறும், மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் கைநழுவிப் போகலாம். 2025–26-இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். நீங்கள் என்றால் உங்கள் வருமானமும் சேமிப்பும் மட்டும்தான். வாங்கிய பராமரிப்புத் தொகையைச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும்.

தோழி சொன்ன வழி பலிக்காது. தனி வீட்டில் இருந்து, தானே சம்பாதித்துச் சாப்பிட்டாலும் 24 வயது ஆகாத மாணவி பெற்றோரைச் சார்ந்தவள்தான். திருமணம் ஆனவர், ராணுவத்தில் இருந்தவர், 13 வயது ஆனபின் எப்போதாவது பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லாத நிலையில் இருந்தவர், நீதிமன்றம் காப்பாளரிடம் ஒப்படைத்தவர் போன்றோருக்குத்தான் விலக்கு. வீட்டில் கொடுமை, கைவிடப்பட்ட நிலை என்றால் கல்லூரி நிதியுதவி அலுவலகம் தனியாகப் பரிசீலிக்கும். உங்கள் மகளுக்கு இவை எதுவும் பொருந்தவில்லை. இல்லாத முகவரியைக் காட்டிப் போடுவது பொய்த் தகவல், மகள் தலையில்தான் விடியும்.

டார்மில் தங்குவதா, வீட்டிலிருந்தே போய்வருவதா என்பது எஸ்.ஏ.ஐ.-யைத் தொடாது. கல்லூரி போடும் மொத்தச் செலவு மதிப்பீடுதான் மாறும். வீட்டிலிருந்து போனால் அது குறையும், அதற்கேற்ப உதவியின் வரம்பும் குறையும்.

இன்னொன்று: சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இன்னொரு நிதியுதவிப் படிவத்தைக் கேட்கும் தனியார் கல்லூரிகளில் பல, உங்கள் இருவரின் வருமானத்தையும் கேட்கும். ஃபாஃப்ஸாவில் உங்கள் பெயர் வந்தாலும் அங்கே அவரைத் தவிர்க்க முடியாமல் போகலாம். கல்லூரிப் பட்டியல் போடும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு அவர் பக்கம் சாய்ந்தால், அவர் தனக்கென ஆன்லைனில் கணக்கு தொடங்கி, வரித்துறை விவரத்தை எடுத்துக்கொள்ள ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் பெல் கிராண்ட் கிடையாது. இதற்காக நீங்கள் அவரோடு பேச வேண்டியதில்லை. மகள் படிவத்தில் அப்பாவின் இமெயிலைப் போட்டால் அழைப்பு நேரே அவருக்குப் போய்விடும். வரித்துறையிலிருந்து வரும் அவர் விவரத்தை உங்களாலும் மகளாலும் பார்க்க முடியாது. இதை மகள் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டால் தயக்கம் குறையலாம்.