வாட்ஸ்ஆப்பில் தொலைந்த 1,860 கம்பங்கள்

கரண்டுக் கம்பம் கணக்கெடுக்கும் வேலையை சப்-காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறீர்களா? நாலு பையன்கள், ரெண்டு பைக், ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன் என்று என்னைப் போலத்தான் நீங்களும் இறங்கியிருப்பீர்கள். போட்டோக்களை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடச் சொல்லி மேலிருந்து யார் சொன்னாலும், முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. 9 நாள் உழைப்பு போனது, வீட்டுச் சங்கிலி அடகுக்குப் போனது.

2022 கோடை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலோரம் வரைக்குமான கிராமங்கள். ஒவ்வொரு கம்பத்திடமும் நின்று, இடத்தைக் குறித்து, மூன்று போட்டோ எடுத்து, நிலைமையைப் பதிய வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த கஜா புயலில் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஊழியர்கள் சேற்றில் நின்று ராப்பகலாகப் புதுக் கம்பம் நட்டுக் கரண்டு கொடுத்தார்கள். அந்த அவசரத்தில் நம்பர் எழுத யாருக்கு நேரம்? நாங்கள் போன ஊர்களில் பழைய ரெஜிஸ்டரில் இருந்த கம்பம் தரையில் இல்லை, தரையில் இருந்த கம்பம் ரெஜிஸ்டரில் இல்லை. அதனால் போன் பிடித்துத் தரும் லாட்-லாங் மட்டும்தான் அந்தக் கம்பத்துக்கு விலாசம்.

முதல் ரெண்டு நாள் கோபோகலெக்ட் என்ற இலவச ஆப்பில் செய்தோம். சிக்னல் இல்லாத தோப்புக்குள்ளும் அது வேலை செய்யும். போட்டோ, இடம், குறிப்பு மூன்றையும் ஒரே பதிவாகக் கட்டிவைக்கும். ஆனால் ஒரு கம்பத்துக்கு நாலைந்து நிமிஷம் பிடித்தது. மூன்றாம் நாள் காலை, எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனியின் சைட் இன்ஜினியர் வந்தார். "அண்ணே, இப்படிப் போனா தீபாவளி வந்துரும். பசங்க போட்டோ எடுத்து குரூப்ல தட்டிவிடட்டும். போட்டோக்குள்ளேயே லொகேஷன் இருக்கும்ல, ஆபீஸ்ல எக்செல்ல ஏத்திக்கிறோம்" என்றார். அவர் பி.இ. படித்தவர், நான் ஐ.டி.ஐ. "சரிங்க சார்" என்றேன்.

வேகம் மூன்று மடங்கானது. 9 நாளில் 1,860 கம்பம். பையன்களின் போன்கள் எல்லாம் மெமரி குறைந்தவை. குரூப்பில் ஏற்றியதும் கேலரியிலிருந்து அழித்துவிட்டுத்தான் மறுநாள் கிளம்புவார்கள். அழிக்கச் சொன்னதும் நான்தான்.

அந்த 9 நாள் முடிந்த மறுநாள் ஆபீசிலிருந்து போன்: "லொகேஷன் ஒண்ணுலயும் இல்லையே?"

அன்று ராத்திரி ஒரு போட்டோவைத் திறந்து விவரத்தைப் பார்த்தேன். எங்கே எடுத்தது என்ற வரியே இல்லை. பைலின் பெயரில் தேதி, அதன் பின்னால் டபிள்யூ.ஏ., பிறகு ஒரு வரிசை எண். அந்தத் தேதிகூட வாட்ஸ்ஆப்புக்குள் வந்த தேதிதான். இதை அப்போது எனக்கு விளக்கிச் சொல்ல ஆளில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கேமராவில் லொகேஷன் டேக் போட்டிருந்தால், எடுத்த இடமும் நேரமும் படத்தின் பைலுக்குள்ளேயே பதிவாகும். அதை வாட்ஸ்ஆப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால், சைஸைச் சுருக்கும்போதே அந்த விவரத்தையும் கழற்றிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மட்டுமே பைல் அப்படியே போகும். ஒரிஜினல் கையில் இருந்திருந்தால் ஒரே நாளில் சரிசெய்திருக்கலாம். எங்களிடம் மிஞ்சியது நம்பர் இல்லாத, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் 1,860 சிமென்ட் கம்பங்களின் படம்.

பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். குரூப்பில் போடச் சொன்ன அதே இன்ஜினியர் மீட்டிங்கில், "இவங்க ஒரே கம்பத்தை மாத்தி மாத்தி எடுத்து எண்ணிக்கை காட்டியிருக்காங்க" என்று சொன்னார். கொளுத்துகிற வெயிலில் வரப்பு வரப்பாக நடந்த பையன்கள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டார்கள். குரூப்பில் போடச் சொல்லி அவர் வாயால் சொன்னதற்கு என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை. பில் நின்றது.

கூகுள் மேப்பைப் பார்த்து உத்தேசமாகப் புள்ளி வைத்து ஒப்பேற்றிவிடு என்று தொழிலில் மூத்தவர்களே சொன்னார்கள். செய்யவில்லை. சங்கிலியை வைத்துப் பணம் வாங்கி, அத்தனை கம்பத்துக்கும் மறுபடி போனோம். முட்டாள்தனம் என்றவர்கள் உண்டு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். ஏன் என்பதற்கு அதிராம்பட்டினம் பக்கத்துத் தெரு ஒன்று போதும்.

அங்கே ஒரு எல்.டி. (தாழ்வழுத்த) கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலிருந்து முருங்கை மரத்துக்குக் கொடி கட்டி, ஒரு ஆத்தா ஈரப் புடவையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டே கம்பியின் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பீங்கான் இருக்க வேண்டும். மேலே லைன் கம்பி அறுந்து ஸ்டேயில் பட்டாலும், கரண்டு கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்காமல் தடுப்பது அதுதான். அந்த ஸ்டேயில் அது இல்லை. "ஆத்தா, கொடியை அவுத்துருங்க" என்றேன். "கஜாவுக்கு அப்புறம் இதுலதான் தம்பி காயப்போடுறேன், ஒண்ணும் ஆகலையே" என்றார். முதல் சுற்றில் எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தேன். அதே கம்பம், ஓரத்தில் அதே புடவைக் கொடி. அவசரத்தில் எடுத்ததால் ஸ்டே பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. லைன்மேனைக் கூப்பிட்டுச் சொல்லி, மறுநாள் பீங்கான் மாட்டினார்கள். உத்தேசப் புள்ளி வைத்திருந்தால் அந்தக் கம்பம் 'நல்ல நிலை' என்றே ரிப்போர்ட்டில் போயிருக்கும்.

மற்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லாட்-லாங்கில் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கமாவது வேண்டும். அது ஒரு மீட்டர் கணக்கு. எக்செல்லில் மூன்று இலக்கமாகச் சுருங்கினால் ஐம்பது மீட்டர் வரைகூடத் தள்ளிப்போய், அடுத்த கம்பத்தில் போய் விழும். தென்னந்தோப்புக்குள் நுழைந்தவுடன் பட்டனைத் தட்டாதீர்கள். துல்லியம் ஐந்து மீட்டருக்குள் இறங்கும்வரை நில்லுங்கள். போனை அண்ணாந்து பிடித்தால் நேரான கம்பமும் சாய்ந்தே தெரியும், தள்ளி நின்று எடுங்கள். சூரியனுக்கு எதிரே எடுத்தால் இன்சுலேட்டர் வெறும் கறுப்பு, விரிசல் தெரியாது. அலுமினிய செல்பி ஸ்டிக் எங்கள் குழுவில் கிடையாது, எச்.டி. (உயரழுத்த) லைனுக்கு அடியில் அதை நீட்டிய பையனை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினேன். கம்பத்துக்கு சாக்பீஸிலாவது நம்பர் எழுதி, அது தெரிகிற மாதிரி முதல் படம் எடுங்கள்.

அடிப்பகுதியை மட்டும் போன் காட்டாது. எட்டு மீட்டர் கம்பத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும். கடலோரத்தில் தரை மட்டத்தில்தான் உப்பு அரிக்கும். உள்ளே இறுக்கி வைத்த கம்பி துருவேறி உப்பும்போது சிமென்ட்டில் மேலும் கீழுமாக நீளவாக்கில் வெடிப்பு ஓடும். புல்லையும் மேல்மண்ணையும் ஒதுக்கிவிட்டுக் குனிந்து எடுங்கள். இரண்டாவது சுற்றில் இப்படி 43 கம்பங்களைச் சிவப்பில் குறித்தோம். முதல் சுற்றில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, நாலு போனிலும் உள்ள ஒரிஜினலை ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுகிறோம். வேலை முறையில் என்ன மாற்றம் சொன்னாலும் மெயிலில் கேட்கிறேன். பழைய வேலைக்கு முதல் சுற்றுக் கூலி இன்றுவரை வரவில்லை. போன மாதம் அதே கம்பெனி, பக்கத்து வட்டாரத்துக் கம்பங்களை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டது. பாக்கியைக் கொடுத்துவிட்டு, எந்த ஆப்பில் எப்படி எடுக்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள், வருகிறேன் என்று மெயில் போட்டேன். பதிலுக்கு அந்த இன்ஜினியரிடமிருந்து ஒரு வாட்ஸ்ஆப் குரூப் அழைப்பு வந்தது. சேரவில்லை.