வரி நோட்டில் யார் பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுவது. திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு இந்த வருடம் வரி நோட்டை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஊர்ப்பணத்தை இளவட்டப் பையனை நம்பி விட்டிருக்கிறார்கள் என்றால் உன் நடத்தையைப் பார்த்துத்தான் விட்டிருப்பார்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காலனிக்காரர்கள் தங்களுக்கும் தலைக்கட்டு வரி போடச் சொல்கிறார்கள். 'வாங்காதே, இன்றைக்கு வரி கொடுப்பான், நாளைக்கு மரியாதை கேட்பான், சாமி ஊர்வலம் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்பான்' என்று நம் பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய்.

வாங்கு தம்பி. நீ எழுதும் நோட்டில் அவர்கள் பெயரும் வரிசையாக ஏற வேண்டும். மரியாதை கேட்பார்கள், ஊர்வலமும் கேட்பார்கள். கேட்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள், நம் வீட்டிலும் அதற்காகத்தான் கொடுக்கிறோம். வரி கொடுத்தவனுக்கு அம்மன் மேல் பாத்தியதை உண்டு என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கணக்கு. 'பாவம், கூலிக்காரர்கள், அவர்களிடம் எதற்குக் காசு' என்று இரக்கம்போலச் சிலர் பேசுவார்கள். அதில் மயங்கிவிடாதே. காசை வேண்டாம் என்பதும் ஆளை வேண்டாம் என்பதும் இங்கே ஒன்றுதான்.

சின்ன வயதில் சாமி என்றால் நமக்குப் பயம்தான். பரீட்சைக்கு முன்னால் தேங்காய், காய்ச்சல் வந்தால் வேண்டுதல். அதில் குற்றமில்லை, எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ஆனால் தன் காடு, தன் கிணறு, தன் பிள்ளை என்று அறுபது வயதிலும் அதே வேண்டுதலோடு கோயில் வாசலில் நிற்கிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். உடம்பு முதிர்ந்துவிட்டது, பக்தி முதிரவில்லை. இந்த அம்மனைக் கும்பிடுகிற நான் இன்னொருத்தருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறேன் என்ற கேள்வி எப்போது ஒருவனுக்கு எழுகிறதோ, அப்போதுதான் அவன் சாமி கும்பிடத் தொடங்குகிறான் என்பது என் எண்ணம்.

இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம். நம் திருவிழாப் படுகளத்திலேயே இருக்கிறது. பதினெட்டாம் நாள் காலையில், மண்ணால் செய்து படுக்க வைத்த அந்தப் பெரிய துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும். பீமன் தொடையில் அடித்ததும் குலவையும் கூச்சலும் வானத்தைத் தொடும். அம்மன் கூந்தல் முடிவாள். பாதிப்பேர் அதோடு தீமிதிக் குழியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். நீ இந்த முறை நின்று கேள். காந்தாரி வேடம் கட்டியவர் முறமும் விளக்குமாறுமாக வந்து ஒப்பாரி வைப்பார். செத்தவன் கெட்டவன், அவன் சபையில்தான் ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்தார்கள், அவன் விழத்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இருந்தும் நம் கூத்து அவனைப் பெற்றவளுக்கு அழ இடம் கொடுக்கிறது. ஜெயித்த பக்கம் நின்றவர்களும் அந்த அழுகையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்த முன்னோர்கள், பக்தி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தவர்கள். நியாயமும் இரக்கமும் ஒரே களத்தில் நிற்கின்றன. ஒன்றுக்காக இன்னொன்றை விடச் சொல்லவில்லை.

இவ்வளவும் கண்ணால் பார்த்து வளர்ந்ததுதான் நம் தர்மபுரி மாவட்டம். 2012 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் பக்கம் நடந்தது உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ பள்ளிக்கூடப் பையன். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் தகப்பனார் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைச் சொல்லித் திரண்ட கூட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று காலனிகளுக்குள் புகுந்து, 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தியது. ஆட்கள் ஓடித் தப்பினார்கள். பாடுபட்டுச் சேர்த்த பண்டம் பாத்திரமெல்லாம் சாம்பலானது. அடுத்த வருடம் ஜூலை 4 அன்று அந்தக் கல்யாணப் பையன் தர்மபுரியில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான்.

அன்று திரண்ட கூட்டத்தில் கோயிலுக்கே போகாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆடியில் கூழ் ஊற்றி, காப்புக் கட்டி, அலகு குத்தி, தீ மிதிக்கிற மண் இது. அத்தனை விரதமும் சேர்ந்து, அடுத்தவன் கூரையில் நெருப்பு வைக்கப் போகிற கையைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால், விரதத்தில் நாம் எதையோ கற்காமல் விட்டிருக்கிறோம். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

அதைக் கற்ற ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். பாப்பாரப்பட்டிக்கு நீ பைக்கில் அடிக்கடி போகிறாய். சுப்பிரமணிய சிவா மண்டபத்துக்குள் ஒருநாள் போய் உட்கார்ந்துவிட்டு வா. 1908இல் வ.உ.சி.யோடு கைதானவர், சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். தொழுநோயாளி ரயில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தபோது நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். பார்த்ததும் ஜனங்கள் ஒதுங்கிய உடம்பு அது. அந்த உடம்போடுதான் அவர் நம் பாப்பாரப்பட்டியில், சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து வணங்க ஒரு பாரத மாதா கோயில் கட்ட நினைத்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள், 1925 ஜூலை 23இல், நாற்பது வயதில் அங்கேயே கண்ணை மூடினார். எல்லோராலும் ஒதுக்கப்பட்ட ஒருவர் எவரையும் ஒதுக்காத கோயிலைக் கனவு கண்டார். பட்ட துன்பம் சிலரைக் கசப்பாக்கும்; இவரை அது இளக வைத்தது. பக்தியில் முதிர்ந்தவர் என்று யாரையாவது காட்டச் சொன்னால் நான் அவரைக் காட்டுவேன்.

நீ கேட்ட விஷயத்தில் சட்டமும் உன் பக்கம்தான் இருக்கிறது. கோயில் நுழைவுச் சட்டம் அன்றைய சென்னை மாகாணத்தில் 1947லேயே வந்துவிட்டது. ஆனால் கூட்டத்தில் எடுத்ததும் சட்டம் பேசாதே. எதிர்க்கிறவர்களும் உன் ஊர்க்காரர்கள், உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள். அவர்களில் பலர் பயத்தில் பேசுகிறார்கள். அப்பன் பாட்டன் விட்டுப்போன மதிப்பு தன் காலத்தில் போய்விடுமோ என்ற பயம். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், திண்ணையில் உட்கார்ந்து, முழுதாகச் சொல்லவிடு. யாரையும் சபையில் மட்டம் தட்டாதே. அதே சமயம் வரி விஷயத்தில் ஒரு அடி பின்வாங்காதே. யாராவது காலனி மேல் கை வைப்பேன் என்று வாய்விட்டால், அந்த நிமிடமே தாலுகா ஆபீசிலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடு. அங்கே பொறுமை கூடாது, அடுத்தவன் வீட்டை வைத்து நீ பொறுமை காட்ட முடியாது.

வரி எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும். காலனிக்குக் குறைத்தும் போடாதே. 'வந்து கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று ஆள் விடாமல், நோட்டை எடுத்துக்கொண்டு நீயே அவர்கள் தெருவுக்குப் போய், வீட்டுக்குள் கூப்பிட்டால் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தால் குடித்து, ரசீது எழுதிக் கொடு. கூத்து பார்க்கப் பந்தலில் தனி இடம் ஒதுக்க வேண்டாம். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் முன்னால் உட்காரட்டும். அன்னதானத்துக்கும் ஒரே பந்தி. ஊர்வலத்தை இந்த வருடமே அந்தத் தெருவுக்குக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், ஏன் முடியவில்லை, யார் மறுத்தார்கள் என்பதைக் கூட்டத் தீர்மானத்தில் எழுதி வை. அடுத்த வருடம் அங்கிருந்து தொடங்கலாம்.

என் தலைக்கட்டு வரியை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். உன் அப்பன் முதலில் கோபப்படுவான், அவனிடம் நான் பேசுகிறேன். கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுவேன். காலனிக்குப் போக அதுவரை காத்திருக்காதே.

அன்புடன்,
பெரியப்பா