நாலடித் தொட்டிக்குக் குடிபோவது எப்படி

இரண்டடி மீன் தொட்டி ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீர் கொள்ளும். நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டிக்கு 240 லிட்டர் வேண்டும். நான்கு மடங்கு தண்ணீர் என்றால் நான்கு மடங்கு மீன் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. சென்னையில் கொளத்தூர் கடைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், தொட்டி, செடி, மீன் மூன்றையும் ஒன்றாக வாங்கி வந்து, அன்று மாலையே எல்லாவற்றையும் உள்ளே விடுவது அந்தக் கணக்கால்தான். ஒரு வாரம் எல்லாம் அழகாக இருக்கும். பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும், ஒவ்வொன்றாகச் சாகும். தொட்டியின் கொள்ளளவு ஒரே நாளில் கூடிவிடுகிறது, மீனைத் தாங்கும் திறன் வாரக்கணக்கில்தான் கூடுகிறது. பெரிய தொட்டிக்கு மாறும் வேலையின் வரிசை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்க வேண்டும்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருவது அமோனியா. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் மணலிலும் வழவழவென்று படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மெதுவாகப் பெருகுபவை. பால் தயிராக ஓர் இரவு போதும். இவை ஒரு மடங்கு கூடவே பல மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இவற்றின் எண்ணிக்கையை முடிவு செய்வது தொட்டியின் அளவன்று, கிடைக்கும் அமோனியா. ஆகவே பழைய தொட்டியில் பன்னிரண்டு மீன் இருந்தால், பன்னிரண்டு மீனின் கழிவைத் தின்னும் அளவுக்கு நுண்ணுயிர்கள் இருக்கும், அவ்வளவுதான். அந்த மீன்களையும் அந்த ஃபில்டரையும் சேர்த்தே புதுத் தொட்டிக்கு மாற்றினால் கணக்கு குலையாது. அதே நாளில் இன்னும் இருபது மீன் சேர்த்தால் குலைந்துவிடும்.

பழைய தண்ணீரை அப்படியே கொண்டுபோய் ஊற்றினால் போதுமே என்பார்கள். நுண்ணுயிர்களில் பெரும்பங்கு ஏதாவது ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டே வாழ்கிறது. தண்ணீரில் மிதப்பவை மிகக் குறைவு. பழைய தண்ணீரால் மீனுக்குப் பழகிய சூழல் கிடைக்கும், அமோனியாவைத் தின்னும் படை கிடைக்காது. கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலை ஊற்றலாமே என்பது அடுத்த கேள்வி. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் டிமதி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். 2011-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு இன்னும் ஒரு படி போனது: பல நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் அமோனியாவைத் தின்பவற்றில் பாக்டீரியாவைவிட ஆர்க்கியா என்ற வேறு இன உயிர்களே மிகுதி என்று கண்டது. உங்கள் ஃபில்டரில் குடியிருப்பது உங்கள் தண்ணீருக்கும் உங்கள் மீனுக்கும் ஏற்பத் தானாக அமைந்த கலவை. பாட்டில் அதற்குத் துணையாகலாம். பழைய ஸ்பாஞ்ச் கையில் இருக்கும்போது பாட்டிலை நம்பி அதைக் குழாயடியில் கழுவுவது பெரும் இழப்பு.

செடி நிறைந்த தொட்டியில் மீனை உடனே கூட்டலாம் என்ற வாதத்துக்கு மட்டும் உண்மையான வலு இருக்கிறது. நீர்ச்செடிகள் பலவும் நைட்ரேட்டைவிட அமோனியத்தையே விரும்பி எடுக்கின்றன என்பதை டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட செடித் தொட்டி நூலில் விரிவாக எடுத்துரைத்தார். ஆனால் வளரும் செடிதான் உண்ணும். கடைச் செடிகள் பலவும் பண்ணையில் தண்ணீருக்கு மேலே இலை விட்டு வளர்ந்தவை. தண்ணீருக்குள் நட்டதும் அந்த இலைகள் அழுகும், புது இலை பிறகே வரும். இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்ட்டி இடம் மாறினாலே இலைகளைக் கரைய விட்டுவிடும். வேர் உயிரோடுதான் இருக்கும், பிடுங்கி எறிய வேண்டாம். ஆக, நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் செடி அமோனியாவைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவும் கூடும். செடி முதலில், மீன் பிறகு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மீன் மாறும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தொட்டியை வைத்துவிடுங்கள். தண்ணீர், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். அறை நடுவில் வைக்காமல், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி, நேர்வெயில் படாத இடத்தில் ஸ்டாண்டைப் போடுங்கள். மட்டக்கோல் வைத்துப் பார்த்து, அடியில் தெர்மாகோல் ஷீட் விரித்து, கண்ணாடி 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்கினால் இந்தப் பகுதி முடிந்தது. கழுவிய மணலை இரண்டு அங்குலம் பரப்பி, வேகமாக வளரும் ஹைக்ரோபிலா, வாலிஸ்னேரியா போன்றவற்றை நெருக்கமாக நடுங்கள். அழகுச் செடிகளுக்கு இடம் பிறகு கிடைக்கும். விளக்கு ஆறு மணி நேரம் போதும். கூடினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். இதே மாதத்தில் புதிய கேனிஸ்டர் ஃபில்டரைப் பழைய தொட்டியில், பழைய ஃபில்டரோடு சேர்த்து ஓட விடுங்கள். இதனால் நுண்ணுயிர்கள் இரு மடங்காகிவிடா, தீனி அதேதானே. இருப்பவை இரண்டு இடமாகப் பிரிந்து குடியேறும். அதனால் மாற்றும் நாளில் இரண்டு ஃபில்டரும் கூடவே போக வேண்டும்.

தண்ணீரைப் பொருத்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். நாளான தொட்டியில் பி.எச். மெல்ல இறங்கி அமிலப் பக்கம் போயிருக்கும். போர் தண்ணீரோ பல இடங்களில் 7.5-க்கு மேல். இதில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. பி.எச். 7 இருந்தால் மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 8 ஆனால் அது ஏறக்குறைய பத்து மடங்காகும். பழைய தண்ணீரில் தொந்தரவு தராமல் கிடந்த அதே அளவு புதுத் தண்ணீரில் செவுளை எரிக்கும். மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே இரு தொட்டியிலும் பி.எச்., டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) இரண்டையும் அளந்து பாருங்கள். வேறுபாடு இருந்தால், புதுத் தொட்டியை எந்தத் தண்ணீரால் நிரப்பினீர்களோ அதே தண்ணீரைப் பழைய தொட்டியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்தில் ஒரு பங்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். மீன் தன் வீட்டிலிருந்தபடியே புதுத் தண்ணீருக்குப் பழகிவிடும். மெட்ரோ தண்ணீர் என்றால் சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை நீக்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

மாற்றும் நாளுக்கு முந்தைய நாள் தீனி வேண்டாம். பழைய தண்ணீரில் பாதியை மூடியுள்ள வாளிகளில் எடுத்து, ஏர் பம்பு போட்டு, மீன்களை அதில் விடுங்கள். ஸ்பாஞ்சும் வளையங்களும் தொட்டித் தண்ணீரிலேயே நனைந்திருக்க வேண்டும். காய்ந்தாலும், மூடிய கேனிஸ்டருக்குள் ஓட்டமின்றி நெடுநேரம் கிடந்தாலும் உயிர்கள் மூச்சடைத்துப் போகும். அதனால் ஃபில்டரைக் கடைசியில் கழற்றி, புதுத் தொட்டியில் முதலில் மாட்டுங்கள். பழைய மணலை மொத்தமாக அள்ளிக் கொட்டாதீர்கள். அடியில் தேங்கிய கசடு முழுதும் கலங்கி அமோனியாவாக எழும். இரண்டு கைப்பிடி மட்டும் வலைப்பையில் கட்டிப் போட்டால் போதும். வாளியில் புதுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேர்த்துவிட்டு, மீனை வலையால் எடுத்து விடுங்கள்.

அடுத்த இரண்டு வாரம் அமோனியாவும் நைட்ரைட்டும் தினமும் அளக்கப்பட வேண்டும். தீனி பாதியாகட்டும். சோதனையில் நிறம் மாறினாலே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இரண்டும் தொடர்ந்து பூஜ்யமாக நின்று ஒரு மாதம் ஆன பிறகே புது மீன். அதுவும் ஒரு முறைக்கு ஆறு, அடுத்த ஆறுக்கு மூன்று வார இடைவெளி. இவ்வளவு காத்திருந்தால் தொட்டி வெறிச்சென்று இருக்குமே என்ற ஆதங்கம் நியாயமானது. ஆனாலும் அந்த வெறுமையில்தான் செடி வேர் பிடிக்கிறது, பழைய மீன்கள் தங்கள் இடத்தை வகுத்துக்கொள்கின்றன. புது மீனைத் தேர்ந்தெடுக்கும்போது வெயிலையும் நினைவில் வையுங்கள். சென்னை மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன் 30-இல் 7.6 ஆகக் குறையும். நியான் டெட்ரா குளிர்ந்த நீரைச் சேர்ந்தது. நாலடித் தொட்டி வாங்கியதும் எல்லோரையும் இழுக்கும் மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளைச் சேர்ந்த மீன். ஏசி இல்லாத வீட்டில் அதைத் தவிர்ப்பதே அந்த மீனுக்குச் செய்யும் நன்மை. ஹார்லெக்வின் ராஸ்போரா, பேர்ல் கௌராமி, அடியில் மேய ஸ்டெர்பாய் கோரிடோராஸ் ஆகியவை வெப்பத்தைத் தாங்கிச் சேர்ந்து வாழும். கோடையில் நீர்ப்பரப்பின் மேல் சிறிய ஃபேன் வைத்தால் ஓரிரு டிகிரி குறையும். ஆவியாகும் அளவை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடு செய்யுங்கள், போர் தண்ணீரால் ஈடு செய்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

காலியான இரண்டடித் தொட்டியை விற்றுவிட வேண்டாம். சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் பெரிய தொட்டியின் மூலையில் எப்போதும் ஓட விட்டு வைத்திருங்கள். புது மீன் வரும் நாளில் அதை எடுத்துப் பழைய தொட்டியில் மாட்டினால், மூன்று வாரம் தனியே வைத்து நோய் பார்க்கும் அறை அன்றே தயார்.