4×4 வாங்கணுமா? முதல்ல அந்தக் கடைசி 2 கிலோமீட்டரை நடந்து பாருங்க



தீபாவளி முடிஞ்ச கையோட ஒரு தம்பி போன் பண்ணார். கோயம்புத்தூர்ல வேலை, வயசு 28, கைக்கு வர்ற சம்பளம் 58,000 ரூபாய். "அண்ணா, ஒரு 4×4 புக் பண்ணப் போறேன். லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. டவுன் பேமென்டுக்கு மியூச்சுவல் ஃபண்டை எடுத்துடலாமா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டார்.

இந்தக் கேள்விக்கு வழக்கமா என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். ஆனா இவர் சொன்ன காரணம் என்னை நிறுத்திடுச்சு. சொந்த ஊர் தாளவாடி பக்கம். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு 2 கிலோமீட்டர் மண் பாதை. புரட்டாசி மழையில ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. 108 ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோட நின்னுடுச்சு. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்ல அப்பாவைப் பிடிச்சு உட்கார வச்சுக் கொண்டு வந்திருக்காங்க. "இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாதுங்ணா."

இது ரீல்ஸ் பார்த்து வந்த ஆசை இல்லை. அதனால உட்கார்ந்து முழுசா கணக்குப் போட்டோம். அதே கணக்கை இன்னைக்கு உங்களுக்கும் சொல்றேன். நான் மெக்கானிக் இல்லை, ஆடிட்டர். ஆனா 4×4 விஷயத்துல பாதித் தப்பு வண்டிக்கு அடியில நடக்கறதில்லை, நோட்டுப் புத்தகத்துல நடக்குது.

1. உங்க வழியை எழுதுங்க

ஒரு பேப்பர் எடுத்து, போன 12 மாசத்துல நீங்க போன இடங்களை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரே கேள்வி: அங்கே சாதாரண காரோ பஸ்ஸோ போகுதா?

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. "அதுக்கு 4×4 வேணும்"னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதே வளைவுல அரசு பஸ் தினமும் ஏறி இறங்குது. வால்பாறைக்கும் அப்படித்தான். செங்குத்தான தார் ரோட்டுக்குத் தேவை நல்ல பிரேக், நல்ல டயர், கீழே இறங்கும்போது சரியான கியர். நாலு சக்கரத்துக்கும் பவர் போறதால பிரேக் ஒண்ணும் கூடுதலா பிடிக்காது.

கொழுக்குமலை வேற கதை. சூரியநெல்லியிலிருந்து மேலே போற பாதை கல்லும் குழியும்தான், நிஜமாவே ஜீப் வேணும். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை சூரிய உதயம் பார்க்கப் போறவர், அந்த ஊர் ஜீப்பை வாடகைக்கு எடுத்தாலே போதும். ஒரு நாள் வாடகைக்குப் பதிலா 7 வருஷம் இ.எம்.ஐ. கட்ட வேண்டியதில்லை.

இன்னொண்ணு, பாதையும் மாறும். ஒரு காலத்துல தனுஷ்கோடிக்கு மணல்ல ஓடற வேனும் ஜீப்பும்தான் போகும். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தது. இப்போ சின்ன கார்லயே போயிட்டு வரலாம். இந்தத் தனுஷ்கோடி விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

2. உருவத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

"எந்த ரோட்டுலயும் போகும்"னு விக்கிற வண்டிகள்ல மூணு வகை இருக்கு.

டூ வீல் டிரைவ்: ரெண்டு சக்கரத்துக்குத்தான் பவர். வண்டி உயரமா, முரட்டுத்தனமா இருக்கலாம். ஒரே நேரத்துல அந்த ரெண்டு சக்கரமும் சேத்துல சுத்த ஆரம்பிச்சா கதை முடிஞ்சது. பொலேரோ இந்த வகை. தார்லயும் ரியர் வீல் டிரைவ் மாடல் 2023 ஜனவரியில வந்தது. பார்க்க அதே தார்தான், ஆனா முன் சக்கரத்துக்குப் பவர் போகாது.

ஆல் வீல் டிரைவ்: தேவைப்படும்போது நாலு சக்கரத்துக்கும் பவர் பிரிஞ்சு போகும். ஆனா லோ ரேஞ்ச் கியர் பெரும்பாலும் இருக்காது. ஈர மண், வழுக்கல், லேசான சேறுக்குச் சரி. பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ் இதுக்கு நல்ல உதாரணம்.

லோ ரேஞ்சோட வர்ற 4×4: தார் 4×4, ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்ஸி. ஆழமான சேறு, பாறை, பாரத்தோட மேடு ஏறறது எல்லாத்துக்கும் இதுதான் சரியான ஆயுதம். ஒரே எச்சரிக்கை: இந்த வகையில பெரும்பாலான வண்டிகளை காய்ஞ்ச தார் ரோட்டுல 4×4-ல போட்டு ஓட்டக் கூடாது. கியர் அமைப்பு முறுக்கிக்கிட்டு செலவு வைக்கும்.

பட்ஜெட் இறுக்கமா இருக்கறவங்களுக்கு ஒரு வரிசை சொல்றேன்: முதல்ல டயர், அடுத்து தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி, கடைசியாத்தான் 4×4. மொட்டை டயரோட நிக்கிற 4×4-ஐ விட, நல்ல ஆல் டெரெய்ன் டயர் போட்ட சாதாரண வண்டி பல மண் பாதையில நல்லாப் போகும்.

3. வரி எங்கே கடிக்குது?

ஷோரூம்ல இதை யாரும் விளக்கமா சொல்ல மாட்டாங்க.

2025 செப்டம்பர் 22-லிருந்து கார் ஜி.எஸ்.டி. ரெண்டு படி. நீளம் 4 மீட்டருக்குள்ளயும், பெட்ரோல்னா 1,200 சி.சி.க்குள்ளயும், டீசல்னா 1,500 சி.சி.க்குள்ளயும் இருந்தா 18%. இந்த வரம்பைத் தாண்டினா 40%. 1.5 லிட்டர் டீசல் ரியர் வீல் தார் 18%-ல வரும். 2.2 லிட்டர் டீசல் 4×4 தார் 40%. ஜிம்னி 4 மீட்டருக்குள்ளதான், ஆனா 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அதனால 40%. அதாவது நிஜமான 4×4 கேட்டா, வண்டி விலையோட சேர்த்து வரியிலயும் ஒரு படி மேலே ஏறுறீங்க.

அடுத்தது தமிழ்நாட்டு சாலை வரி. 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரை 13%, 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரை 18%. இது இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரி மேல உள்ள தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். கூடவே 10 லட்சம் தாண்டினா 1% டி.சி.எஸ்.

கணக்குப் பாருங்க:

- விலை 9,90,000. சாலை வரி 1,28,700. மொத்தம் 11,18,700.
- விலை 10,10,000. சாலை வரி 1,81,800. டி.சி.எஸ். 10,100. மொத்தம் 12,01,900.

விலை கூடினது 20,000. கையை விட்டுப் போறது 83,200. "இன்னும் இருபதாயிரம்தான் சார், டாப் வேரியன்ட் வந்துடும்"னு சொன்னா இந்தக் கணக்கு ஞாபகம் வரட்டும்.

டி.சி.எஸ். மட்டும் உங்க காசு. 26ஏஎஸ் படிவத்துல பேன் நம்பர் சரியா ஏறியிருக்கான்னு பார்த்து, ரிட்டர்ன் போடும்போது கேட்டு வாங்குங்க. விட்டுடற ஆட்கள் நிறைய. அப்புறம், சம்பளம் வாங்கறவங்க சொந்த உபயோகத்துக்கு வாங்குற பெட்ரோல், டீசல் காரோட லோன் வட்டிக்கு வரிச் சலுகை கிடையாது. "டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

4. இ.எம்.ஐ. பார்க்காதீங்க, மாசச் செலவு பாருங்க

தம்பி தேர்ந்தெடுத்த வண்டியை ஷோரூம் விலை 12 லட்சம்னு வச்சுக்கலாம். சாலை வரி 2,16,000, டி.சி.எஸ். 12,000, இன்ஷூரன்ஸும் மத்ததும் 55,000. ஆன்-ரோடு 14,83,000. சேமிப்பு 4,85,000. அதுல 4,83,000 டவுன் பேமென்ட், மீதி 10 லட்சம் லோன். 9.5% வட்டி, 7 வருஷம்.

- இ.எம்.ஐ.: 16,344
- பெட்ரோல் (மாசம் 600 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய்): 5,000
- இன்ஷூரன்ஸ் மாசப் பங்கு: 3,000
- சர்வீஸ், டயருக்கு ஒதுக்கறது: 2,500
- மொத்தம்: 26,844

சம்பளத்துல 46%. வட்டி மட்டும் 7 வருஷத்துல சுமார் 3,73,000. சேமிப்புல மிச்சம் 2,000 ரூபாய். அப்பாவுக்கு மறுபடி ஆஸ்பத்திரின்னா? அட்மிஷன் கவுன்டர்ல 4×4 சாவியைக் காட்ட முடியாது.

நான் சொல்ற அளவு இதுதான்: வண்டிக்கு ஆகற மொத்த மாசச் செலவு, கைக்கு வர்ற சம்பளத்துல 25%-ஐத் தாண்டக் கூடாது. தம்பிக்கு அது 14,500. இது சட்டம் இல்லை, வருஷக்கணக்கா கிளையன்ட்டுங்க கணக்கைப் பார்த்து நான் வச்சுக்கிட்ட எல்லை.

5. பழைய வண்டி எடுக்கறீங்கன்னா

இறுக்கமான பட்ஜெட்ல நிஜமான 4×4-க்கு நேர்மையான வழி செகண்ட் ஹேண்ட்தான். ஆனா இந்த வகை வண்டிகள்ல முந்தின ஓனர் எங்கே ஓட்டினார்ங்கிறது கிலோமீட்டரை விட முக்கியம்.

- நீங்க நம்புற மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அடியில துரு, சேஸிஸ்ல வெல்டிங், கியர் பாக்ஸ் பக்கம் ஆயில் கசிவு பார்க்கணும். 4×4 லிவரை மண் தரையில போட்டு ஓட்டிப் பார்க்கணும். வருஷக்கணக்கா தொடாம விட்டு இறுகிப் போன லிவர் நிறைய உண்டு.
- ஆர்.சி.யில உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில பொறிச்ச நம்பரும் ஒண்ணா? "மிலிட்டரி ஏலத்துல எடுத்தது", "சொந்தமா கட்டினது"ன்னு வர்ற ஜீப்புல இதை முதல்ல பாருங்க. ஒத்துப் போகலைன்னா எவ்வளவு மலிவா இருந்தாலும் திரும்பி வந்துடுங்க.
- பழைய லோன் முடிஞ்சதுக்கு பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம், பேர் மாத்த ஃபார்ம் 29, 30. பாக்கி சலான் இருக்கான்னும் பார்த்துடுங்க. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும்.
- வெளி மாநில வண்டி மலிவா வரும். இங்கே மறுபதிவு பண்ணும்போது தமிழ்நாட்டு வரி தனியாக் கட்டணும். அதைச் சேர்த்த பிறகும் மலிவான்னு பாருங்க.
- 15 வருஷம் நெருங்கின வண்டின்னா எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கணும். அந்தச் செலவையும் விலையில கழிச்சுப் பேசுங்க.
- ஏற்கெனவே உயரம் ஏத்தி, பெரிய டயர் மாட்டின வண்டின்னா ஜாக்கிரதை. ஆர்.சி.யில இல்லாத மாற்றம் சட்டப்படியும் தப்பு, கிளெய்ம் சமயத்துலயும் தலைவலி.

6. தம்பி என்ன பண்ணார்?

அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டேன். "நீங்க ஊருக்கு மாசத்துல எத்தனை நாள் போவீங்க?" நாலு நாள். "அப்போ மீதி 26 நாள் அந்த 4×4 எங்கே நிக்கும்?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. வண்டி கோயம்புத்தூர் அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நிக்கும். ராத்திரி அப்பாவுக்கு வலி வந்தா, அப்பவும் வரப்போறது 108-தான். அது அப்பவும் மெயின் ரோட்டுலதான் நிக்கும்.

"அடுத்த தடவை போறப்போ அந்த 2 கிலோமீட்டரை நடந்து பாருங்க. எந்த இடத்துல வண்டி மாட்டுதுன்னு குறிச்சுட்டு வாங்க"ன்னேன். நடந்து பார்த்தார். மாட்டுற இடம் ரெண்டே ரெண்டு: ஒரு சின்ன ஓடை குறுக்கே போற இடம், அதை ஒட்டி மழைத் தண்ணி தேங்குற ஒரு பள்ளம். மீதிப் பாதை இறுகின மண்.

பஞ்சாயத்துல சொல்லிட்டு, அந்தப் பாதையைப் பயன்படுத்துற மூணு வீட்டுக்காரங்களும் சேர்ந்து ஓடைக்கு சிமென்ட் குழாய் போட்டு, பள்ளத்துக்கு கிராவல் கொட்டி, ஜே.சி.பி. வச்சு சமப்படுத்தினாங்க. மொத்தம் 84,000. தம்பி பங்கு 28,000. அதாவது ரெண்டு மாச இ.எம்.ஐ. கூட இல்லை.

வண்டியும் வாங்கினார். மெக்கானிக் பார்த்து ஓகே சொன்ன ஒரு பழைய பொலேரோ, 4,60,000. கைக்காசு 2,60,000, மீதி 2 லட்சம் லோன், 12% வட்டி, 3 வருஷம், இ.எம்.ஐ. 6,643. டீசல் 4,000, இன்ஷூரன்ஸ் 1,200, ரிப்பேருக்கு 2,500. மாசம் 14,343. எல்லைக்குள்ள வந்தாச்சு. நல்ல டயருக்கும் சின்னச் சின்ன வேலைக்கும் 40,000 ஆச்சு. எல்லாம் போக சேமிப்புல மிச்சம் 1,57,000. அது அப்பாவோட அவசரத்துக்கு. தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

அதுக்கப்புறம் வந்த மழையில பால் வண்டி தோட்டத்து வாசல் வரைக்கும் வந்துச்சாம். அம்மாதான் போன் பண்ணிச் சொன்னாங்களாம். பால் வண்டி வந்தா 108-ம் வரும்.

எல்லாருக்கும் கிராவல் தீர்வாகாது. காட்டுப் பாதை, எஸ்டேட் வேலை, வாரா வாரம் சேத்துல இறங்குற தொழில்னா 4×4 உங்களுக்குச் செலவு இல்லை, கருவி. எல்லைக்குள்ள வர்ற ஒரு நல்ல பழைய வண்டியாத் தேடி வாங்குங்க. ஆனா புக்கிங் தொகை கட்டறதுக்கு முன்னாடி இந்த வாரம் மூணு வேலை முடிச்சுடுங்க: 12 மாசப் பயணப் பட்டியல் எழுதுங்க, மொத்த மாசச் செலவைப் போட்டு சம்பளத்துல 25%-ஓட ஒப்பிடுங்க, உங்களை மாட்ட வைக்கிற அந்தக் கடைசி வழியை ஒரு தடவை நடந்து பாருங்க.

இதே கணக்கை உங்க சம்பளத்துக்கு எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோவுல படிப்படியாக் காட்டறேன். பேப்பரும் பேனாவும் எடுத்து வச்சுக்குங்க. மறுபடி சந்திப்போம்!