வேண்டாத இறுவட்டுகளை அழிப்பது எப்படி?

மீளக்குடியமர்ந்து வீட்டைத் துப்புரவு செய்யும்போது பழைய பைகளிலிருந்தும் பெட்டிகளிலிருந்தும் சீடி, டிவிடி இறுவட்டுகள் வெளிவரும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்திலோ, தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த காலத்திலோ அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து இறுவட்டில் பதிந்து வைத்த குடும்பங்கள் உண்டு. கலியாண வீடு, சாமத்தியவீட்டுப் படங்களையும் ஸ்டூடியோக்காரர் இறுவட்டில்தான் தந்தார்கள்.

இவற்றைக் குப்பையில் போடுவதாலோ, பழைய இரும்பு வாங்க வருபவரிடம் கொடுப்பதாலோ உள்ளே இருப்பது அழிவதில்லை. குருவி விரட்ட வயலில் கட்டிய இறுவட்டைக்கூடக் கழற்றித் துடைத்தால் சில வேளைகளில் வாசிக்க முடியலாம். உங்கள் அடையாள அட்டையின் படமும் கையொப்பமும் பிறர் கைக்குப் போனால், உங்கள் பெயரில் சிம் அட்டை எடுக்கவோ, கடன் பத்திரம் நிரப்பவோ, காணி விடயத்தில் பொய் ஆவணம் தயாரிக்கவோ முயல்வார்கள். பெண்பிள்ளைகளின் படங்கள் தெரியாதவர் கையில் சேர்வதும் பெரும் தொல்லை.

முதலில் பாருங்கள், பிறகு அழியுங்கள்

அழித்த இறுவட்டைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் நம்பிக்கையான ஒருவரின் கணினியில் போட்டுப் பாருங்கள். கொமினிகேசன் கடையில் பார்ப்பதானால் நீங்களே பக்கத்தில் இருங்கள். கடைக் கணினியில் பிரதி எதுவும் விடாதீர்கள்.

கீழ்வருவனவற்றை அழிக்க வேண்டாம்:

• காணாமற்போன உறவினரின் படம், குரல், கடிதம், அவரைப் பற்றிய முறைப்பாட்டின் பிரதி. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அங்கு கொடுக்கும் விபரங்களுக்கு இவை துணையாக இருக்கும்.
• மூலப்பத்திரம் தொலைந்துபோன காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் ஸ்கேன் பிரதி. மீண்டும் பிரதி பெற விண்ணப்பிக்கும்போது உறுதி இலக்கமும் திகதியும் தேவைப்படலாம்.
• வழக்கு, விசாரணை, நட்டஈடு தொடர்பான எதுவும். இவற்றை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

வைத்திருக்க வேண்டியவற்றை இரண்டு இடங்களில் பிரதி செய்யுங்கள். வெயிலும் ஈரமும் இறுவட்டைப் பழுதாக்கும். பிரதி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே பழையதை அழியுங்கள்.

இறுவட்டு எப்படி வேலை செய்கிறது?

சாதாரண இறுவட்டு 12 சென்ரிமீற்றர் அகலமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பிளாஸ்ரிக் தட்டு. ஒளியைத் தெறிக்கச் செய்யும் மெல்லிய உலோகப் படை அதில் உண்டு. அந்தப் படையை ஒட்டியே தகவல் பதிந்திருக்கும்.

சீடியில் இந்தப் படை பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய பூச்சின் அடியில் இருக்கிறது. மினுங்கும் பக்கத்தில் கீறினால் மேல் பிளாஸ்ரிக்தான் கீறுபடும். அதைத் தேய்த்து மினுக்கி மீண்டும் வாசிக்கலாம். டிவிடியில் இரண்டு மெல்லிய தட்டுகள் ஒட்டப்பட்டு, படை நடுவில் இருக்கிறது. ஆகவே எந்தப் பக்கம் கீறினாலும் போதாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவு நடுத்துளைக்குப் பக்கத்தில் தொடங்கி வெளியே போகிறது. விளிம்பை மட்டும் உடைத்தால் உள்ளே இருப்பது தப்பிவிடும்.

அழிக்கும் முறைகள்

1. சீடி: பெயர் எழுதும் பக்கத்தை ஆணியால் நடுவிலிருந்து விளிம்புவரை பல இடங்களில் ஆழமாகக் கீறுங்கள். பார்சல் ஒட்டும் அகலமான டேப்பை இறுக ஒட்டி இழுங்கள். பல சீடிகளில் உலோகப் படை டேப்போடு உரிந்து வரும். மிச்சத்தை அரத்தாளால் தேய்த்து, தட்டு கண்ணாடிபோலத் தெரியும்வரை எடுத்துவிடுங்கள். உரிந்த படையையும் துண்டு துண்டாக வெட்டுங்கள்.

2. டிவிடி: தடித்த துணியில் சுற்றி, தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் முதலில் நடுத்துளையூடாக இரண்டாக வெட்டுங்கள். பிறகு சிறு துண்டுகளாக்குங்கள். துண்டுகளில் தட்டுகள் பிரிந்தால் உட்பக்கத்தைச் சுரண்டுங்கள்.

3. மீண்டும் எழுதக்கூடிய இறுவட்டு: கணினியில் அழிப்பதானால் விரைவு முறை வேண்டாம். அது உள்ளடக்க அட்டவணையை மட்டுமே நீக்கும். முழுமையாக அழிக்கும் முறையைத் தெரிவு செய்யுங்கள். பிறகு வெட்டியும் விடுங்கள்.

துண்டுகள் கண்ணில் தெறிக்கும். கண்ணாடி அணியுங்கள், பிள்ளைகளைத் தூர நிற்கச் சொல்லுங்கள். ஓர் உரப்பைக்குள் வைத்து வெட்டினால் துண்டுகள் சிதறாது. துண்டுகளை இரண்டு மூன்றாகப் பிரித்து, வெவ்வேறு நாட்களில் பிரதேச சபைக் குப்பை வண்டியில் போடுங்கள்.

செய்யக் கூடாதவை

எரிக்காதீர்கள். பிளாஸ்ரிக் புகை நெஞ்சுக்குக் கூடாது. அதைவிட முக்கியமானது, வன்னி நிலத்தில் வெடிபொருட்கள் மண்ணுக்குள் இருக்கலாம். அவற்றின் மேல் குப்பை எரித்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். இறுவட்டைப் புதைக்கவென்று புதுக் குழி தோண்டவும் வேண்டாம், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காணியில் கால் வைக்கவே கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிசாரிடமோ சொல்லுங்கள். கிணற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ இறுவட்டை எறியாதீர்கள். தண்ணீர் தகவலை உடனே அழிக்காது, துண்டு காலையும் வெட்டும்.

பென் டிரைவ், மெமரி கார்ட், பழைய கைத்தொலைபேசி ஆகியவற்றிலும் இதே கவனம் தேவை. அவற்றில் அழித்த படத்தை மீட்டெடுக்க மென்பொருள்கள் உண்டு. வேண்டாத மெமரி கார்டை வெட்டிவிடுங்கள். தொலைபேசியை விற்கமுன் கார்டையும் சிம்மையும் கழற்றி, தொலைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றுங்கள். பற்றரியை மட்டும் வெட்டவோ குத்தவோ கூடாது. அது தீப்பற்றும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் எத்தனை இறுவட்டுகள் உள்ளன? எதில் என்ன இருக்கிறது?
2. எதை வைத்திருக்க வேண்டும் என்று அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் சம்மதித்தோமா?
3. வைத்திருப்பவற்றின் இரண்டாவது பிரதி யாரிடம் இருக்கிறது?

மூன்று கேள்விக்கும் விடை கிடைத்த பிறகு கத்தரிக்கோலை எடுங்கள். ஒருவருக்காவது சந்தேகம் இருந்தால் அந்த இறுவட்டை உறையிலிட்டு, பெயரும் திகதியும் எழுதி, காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.