பல்லின் கழுத்தில் பள்ளமா? பிடுங்க வேண்டாம்



கெடாவில் பல் மருத்துவம் பார்த்து வரும் என்னிடம், சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துப் பெரியவர்கள் பலர் ஒரே குறையைச் சொல்வார்கள். "சொத்தை இல்லை டாக்டர், ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. பிடுங்கி விடுங்கள்." பார்த்தால், ஈறு ஓரத்தில் சீவிய பால்மரப் பட்டை போல ஒரு பள்ளம் இருக்கும். இது கிருமியால் வந்த சொத்தையன்று, தேய்மானமே. இதற்காக நல்ல பல்லை இழக்க வேண்டியதில்லை.

ஏன் தேய்கிறது?

பல்லைக் காக்கும் எனாமல் கழுத்தருகே மிகவும் மெல்லியது. ஈறு இறங்கினால் எனாமலே இல்லாத வேர் வெளிப்படும். அன்று தோட்டத்தில் அடுப்புக்கரியும் உப்பும் கொண்டு அழுத்தித் தேய்த்தோம். பட்டணம் வந்தபின் கெட்டியான பிரஷ்ஷைக் குறுக்கே இழுக்கிறோம். எலுமிச்சை, அசாம்போய், சோடா பானங்களின் புளிப்பும் பல்லை இளக்குகிறது. உறக்கத்தில் பல்லைக் கடிப்பதும் ஒரு காரணம் என்பர். ஆனால் அதன் பங்கு பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

எப்போது அடைப்பது?

பள்ளம் ஆழமின்றிக் கூச்சமும் இல்லையேல், காரணத்தை நிறுத்திக் கவனித்து வந்தாலே போதும். இலேசான கூச்சத்திற்கு அதற்குரிய பற்பசையும் ஃபுளோரைடு பூச்சும் உதவும். ஆழம் மிகுந்தாலோ கூச்சம் தணியாவிட்டாலோ அடைப்பது நல்லது.

எதைக் கொண்டு அடைப்பது?

முதலாவது, கிளாஸ் ஐயோனோமர். லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1972-இல் வெளியிட்ட சிமெண்ட் இது. பல்லிலுள்ள கால்சியத்தோடு தானே பிணைந்துகொள்ளும், ஃபுளோரைடும் கசியவிடும். கழுத்துப் பள்ளத்தில் கழன்று விழாமல் நீடிப்பதில் இதற்கு நல்ல பெயர் உண்டு. பளபளப்பு மட்டும் சற்றுக் குறைவு.

இரண்டாவது, கம்போசிட். பல்லின் நிறத்துக்கு நன்கு இசையும், முன்பற்களுக்கு ஏற்றது. பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கிப் பிடிப்பு உண்டாக்கும் முறையை 1955-இல் மைக்கேல் புவனகோர் காட்டினார். அமிலத்தைக் கழுவி, பிணைப்புத் திரவம் தடவி, கம்போசிட்டை வைத்து, நீல ஒளியால் இறுகச் செய்வோம். எச்சிலோ ஈற்றின் இரத்தமோ பட்டால் பிடிப்புக் கெடும். ஆகவே ஈற்றோரம் மெல்லிய நூல் செருகி ஈரத்தைத் தடுப்போம். நாள்பட்ட பள்ளத்தின் மேற்பரப்பு கெட்டித்துப் பளபளப்பதால், அதை இலேசாக உராய்த்துக்கொள்வதும் உண்டு.

இவ்விரண்டின் குணங்களும் கலந்த, பிசின் சேர்ந்த ஐயோனோமரும் கிடைக்கிறது. பெரும்பாலும் ஆழமாகத் துளையிட வேண்டிய அவசியம் இராது.

பிறகு?

கை மாறாவிட்டால் அடைப்பும் தேயும். அதன் ஓரத்தில் புதுப் பள்ளமும் விழும். மென்மையான பிரஷ்ஷைப் பேனா பிடிப்பது போலப் பிடித்து, ஈற்றோரம் சிறு வட்டமாகத் தேயுங்கள். புளிப்பு உண்டதும் வாயை நீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்குங்கள்.

அடுத்த முறை கிளினிக்கில், "பிடுங்குங்கள்" என்பதற்கு முன், "அடைக்க முடியுமா?" என்று கேளுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதனைச் சொல்லுங்கள்.